நாகபுரியில் போட்ட சாலைக் கணக்கு



உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில், இந்தியாவின் மாகாணங்களையும் சமஸ்தானங்களையும் சேர்ந்த தலைமை எஞ்சினீயர்கள் நாகபுரி நகரில் ஒன்றுகூடினார்கள். அப்போது பர்மா ஜப்பானியர் கையில் இருந்தது. வங்காளத்தைப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. இரும்பும் சிமெண்டும் படைத் தேவைக்கே போதாத காலம். அத்தகைய வேளையில் இவர்கள் அமர்ந்து ஆராய்ந்த பொருள் யாது தெரியுமா? அடுத்த 20 ஆண்டுகளில் இந்நாட்டில் எத்தனை மைல் சாலை இருக்கவேண்டும், அது எந்தெந்த ஊரைத் தொட்டுச் செல்லவேண்டும், அதற்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்பதே. அங்கே உருவான திட்டத்தை ‘நாகபுரித் திட்டம்’ என்று வழங்குகிறோம். நாடு முழுவதையும் ஒரே படமாக விரித்து வைத்துக்கொண்டு எழுதப்பட்ட முதல் நெடுங்காலச் சாலைத் திட்டம் அதுவே.

திட்டம் ஒன்று, பணம் வேறு என்பதை நாம் அனைவரும் அறிவோம். பணம் போதாமற் போனால் திட்டம் பாதியில் நின்றுவிடும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நாகபுரித் திட்டமோ பாதியில் நிற்கவில்லை. குறித்த காலத்துக்கு முன்பே நிறைவேறியது. அப்படியானால் போதாமற்போன பணம் எங்கே போயிற்று? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து தேடிப் பார்க்க விரும்புகிறேன்.

அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ், படைகளுக்கு வேண்டிய முக்கியச் சாலைகள் தவிர மற்றவை மாகாணங்களின் பொறுப்பாயின. மாகாணங்கள் அவற்றிற் பெரும்பகுதியை ஜில்லா போர்டுகளின் தலையில் வைத்தன. ஜில்லா போர்டுக்கு வருமானம் ஏது? நிலவரியோடு சேர்த்து வசூலிக்கும் மேல்வரியும், சாலைகளில் வசூலித்த சுங்கமும், இவை போன்ற சில்லறை வரவுகளுமே. அந்தச் சிறு வருவாயைக் கொண்டும் அரிய காரியம் செய்த போர்டுகள் இருந்தன. நம் தஞ்சாவூர் ஜில்லா போர்டு ரூபாய்க்கு 3 தம்படி வீதம் இரயில் பாதைக்கென்றே மேல்வரி விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை தனக்குச் சொந்தமாக இருப்புப் பாதை போட்டது. 1894ஆம் ஆண்டில் அதில் வண்டி ஓடிற்று. தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி வண்டிகளை ஓட்டியது. பாதை மட்டும் போர்டின் உடைமை. தஞ்சைத் தரணியின் வளமான நன்செய் இருந்ததால் அது கைகூடியது. மேல்வரி நிலத்தின் வருவாயைப் பொறுத்தது; ஆகவே வறண்ட ஜில்லாவுக்கு அந்த வழி கிடையாது. எங்கே சாலை இல்லையோ அங்கே பணமும் இல்லை என்ற சிக்கல் அப்போதே தோன்றிவிட்டது.

மோட்டார் வண்டிகள் பெருகியபின் நிலைமை இன்னும் மோசமாயிற்று. மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை சாலையை வெட்டியது. மோட்டாரின் இரப்பர்ச் சக்கரம் கப்பியின் இடையிலிருந்த மண்ணை உறிஞ்சிப் புழுதியாகப் பறக்கவிட்டது. இரண்டும் ஒரே சாலையில் ஓடின. இதை ஆராய மத்திய அரசாங்கம் 1927இல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு கமிட்டியை அமைத்தது. சாலை வளர்ச்சி என்பது மாகாணங்களும் ஸ்தல ஸ்தாபனங்களும் தாங்கக்கூடிய அளவைக் கடந்துவிட்டது, அது நாட்டுக்குப் பொதுவான அலுவல் என்று அக்கமிட்டி 1928இல் அறிக்கை தந்தது. சாலையைத் தேய்ப்பவரே அதற்குப் பணம் தரட்டும் என்ற கொள்கையில், பெட்ரோலுக்குக் காலன் ஒன்றுக்கு 2 அணா கூடுதல் வரி விதித்து, 1929 மார்ச்சு முதல் நாளிலிருந்து மத்திய சாலை நிதி என்ற தனி நிதியை ஏற்படுத்தினார்கள்.

கொள்கை நியாயமானது. பங்கிட்ட முறையைப் பாருங்கள். நிதியில் நூற்றுக்கு 20 பங்கை ஆராய்ச்சிக்கும் பொதுவான பணிகளுக்கும் மத்திய அரசாங்கம் நிறுத்திக்கொள்ளும். எஞ்சிய 80 பங்கும் மாகாணங்களுக்கு, அங்கங்கே செலவான பெட்ரோலின் அளவுப்படி போகும். பெட்ரோல் எங்கே செலவாகும்? மோட்டார் ஓடுகிற இடத்தில். மோட்டார் எங்கே ஓடும்? சாலை இருக்கிற இடத்தில். ஆகவே சாலை உள்ளவனுக்கே மேலும் சாலை என்று நிதி பெருகியது. பம்பாய் போன்ற பெருநகரங்களைக் கொண்ட மாகாணங்களுக்கு இது இனித்தது. ஒரிஸ்ஸாவின் காட்டுப்புறத்துக்கு இதனால் என்ன கிடைத்திருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மற்றொரு தடையும் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தினால் இரயில்வேயின் வருமானம் சரிந்தது. இரயிலுக்கு இணையாகச் செல்லும் சாலைகளில் பஸ்கள் குறைந்த கட்டணத்தில் பிரயாணிகளைத் தட்டிப் பறிக்கின்றன என்று இரயில்வே அதிகாரிகள் முறையிட்டனர். இதை விசாரிக்க மிட்செல் என்ற சாலை எஞ்சினீயரும் கிர்க்னெஸ் என்ற இரயில்வே அதிகாரியும் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுடைய அறிக்கை 1933இல் வந்தது. மாமியார் வீட்டார் ஒருவர், மருமகள் வீட்டார் ஒருவர் என்று பஞ்சாயத்துக்கு உட்கார்த்தியதுபோல இருக்கிறதல்லவா? இரயில்வே சர்க்காரின் பெரும் முதலீடு. அதற்குப் போட்டியாகச் சர்க்கார் பணத்திலேயே சாலை போடுவதா என்ற தயக்கம் அன்றிலிருந்து நெடுநாள் நீடித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாகபுரியில் இது மீண்டும் தலைகாட்டும்.

இனி நாகபுரிக்கு வருவோம். அங்கே கூடியவர்கள் முதலில் சாலைகளுக்குக் குலம் பிரித்தார்கள். தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, ஜில்லாச் சாலை, கிராமச் சாலை என்பன அவை. ஜில்லாச் சாலையில் பெரியது, மற்றது என்று இரு பிரிவு. பயிர்த்தொழில் வளர்ந்த பகுதியில் எந்தக் கிராமமும் முக்கியச் சாலையிலிருந்து 5 மைலுக்கு மேல் விலகி இருக்கக்கூடாது என்பது குறிக்கோள். அதை அடைய எத்தனை மைல் சாலை வேண்டும் என்று கண்டறிய ஒரு சூத்திரம் வகுத்தார்கள். கணக்கு மாணவர்கள் மட்டுமன்றி வரலாற்று மாணவர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். நான் அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய வகுப்புகளிலெல்லாம் மாணவர்கள் கதை கேட்பதுபோல் கேட்டிருக்கிறார்கள்.

கற்பனையாக ஒரு தாலுக்காவை எடுத்துக்கொள்வோம். அதில் பயிர் செய்யும் நிலம் 300 சதுர மைல். தரிசும் காடும் 100 சதுர மைல். பயிர் நிலத்தில் 5 சதுர மைலுக்கு ஒரு மைல் சாலை: ஆகவே 60 மைல். தரிசில் 20 சதுர மைலுக்கு ஒரு மைல்: 5 மைல். மக்கள்தொகை 2,001 முதல் 5,000 வரை உள்ள ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மைல். அப்படி 12 ஊர் இருந்தால் 12 மைல். 5,000க்கு மேற்பட்ட ஊர் ஒவ்வொன்றுக்கும் 5 மைல். அப்படி 3 ஊர் இருந்தால் 15 மைல். ஆக 92. வருங்கால வளர்ச்சிக்கென நூற்றுக்கு 15 சேர்த்தால் ஏறக்குறைய 106 மைல். இத்துடன் முடிந்ததா? இல்லை. அந்தத் தாலுக்காவில் உள்ள இருப்புப் பாதையின் நீளத்தைக் கழிக்கவேண்டும்! 25 மைல் இரயில் பாதை இருந்தால் எஞ்சுவது 81 மைல். இதுதான் நெடுஞ்சாலைகளும் பெரிய ஜில்லாச் சாலைகளும் சேர்ந்த அளவு.

இரயிலும் ஒரு பெருவழிதான், ஆகவே அது உள்ள இடத்தில் இன்னொரு பெருவழி எதற்கு என்பது இக்கழித்தலின் நியாயம். காகிதத்தில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி தண்டவாளத்தின்மேல் போகமுடியாது. பத்தாண்டுக்கு முன் இரயிலும் சாலையும் இட்ட சண்டை, ஒரு கழித்தற்குறியாகச் சுருங்கிச் சூத்திரத்துக்குள் குடிபுகுந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிற்றூர்களுக்கு வேறொரு சூத்திரம். 500 பேருக்குட்பட்ட சிற்றூருக்கு ஐந்தில் ஒரு மைல். 501 முதல் 1,000 பேர் வரை உள்ள ஊருக்கு அரை மைல். 1,001 முதல் 2,000 வரை ஒரு மைல். 2,001 முதல் 5,000 வரை 2 மைல். நம் கற்பனைத் தாலுக்காவில் இந்த வரிசைப்படி 40, 30, 20, 12 ஊர்கள் இருந்தால், 8, 15, 20, 24 என்று கூட்டி 67 மைல். வளர்ச்சிக்கும் சேர்த்து 77 மைல். மனிதரின் எண்ணிக்கையை மைலாக மாற்றும் வித்தை இது. நாட்டின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரே அளவுகோலைக் கொண்டு பங்கிட முயன்ற இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். முன்னே சொன்ன பெட்ரோல் பங்கீட்டோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அங்கே செல்வம் சாலையைத் தீர்மானித்தது. இங்கே நிலமும் மக்களும் தீர்மானித்தனர்.

ஆனால் 500 பேருள்ள சிற்றூருக்கு வந்த அந்த ஐந்தில் ஒரு மைலைச் சற்று நின்று பாருங்கள். பக்கத்துச் சாலை 3 மைலுக்கு அப்பால் இருந்தால் இந்தத் துண்டு எதற்கு உதவும்? சூத்திரம் சராசரியைச் சொல்கிறது. சிற்றூர்களோ சராசரியில் வாழ்வதில்லை. மேலும், சாலை எப்படிப்பட்டது என்ற கேள்வி இருக்கிறது. பிரிக்கப்படாத இந்தியாவுக்கென எழுதிய திட்டத்துக்கு ஏறத்தாழ 450 கோடி ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நாடு பிரிந்தபின் இந்தியப் பகுதிக்கு நின்ற இலக்கு 3,31,000 மைல். அதில் கப்பியோ தாரோ இட்ட சாலை 1,23,000 மைல். மண்சாலை 2,08,000 மைல். அதாவது ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் மண்.

போதாத பணம் எங்கே போயிற்று என்று தொடக்கத்தில் கேட்டேனே, அது இங்கே இருக்கிறது. பிற்பாடு வந்த நிதியமைச்சர் எவரும் வெட்டியதால் ஏற்பட்ட குறை அன்று இது. எழுதும்போதே, கிடைக்கக்கூடிய பணத்துக்கு ஏற்பச் சாலையின் இலக்கணம் தாழ்த்தப்பட்டது. மழை பெய்தால் அச்சாணி வரை சேற்றில் அழுந்தும் வழியும் கணக்கில் ஒரு மைல். பத்து டன் லாரி செல்லும் தார்ச்சாலையும் கணக்கில் ஒரு மைல். எஞ்சினீயர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். முதலில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, ஓரிரு மழைக்காலம் அது இறுகவிட்டு, பிறகு கப்பி பாவுவது நல்ல முறைதான். முதற்படிக்குப் பணம் கிடைத்தது. இரண்டாம் படிக்கான பணம் வரும்வரை மண் காத்திருக்கவேண்டும், மழை காத்திருக்குமா? மண் கரைந்தபின் முதற்படியிலிருந்தே மறுபடி தொடங்கவேண்டியதாகும்.

பணம் யார் தருவது என்பதிலும் ஒரு விநோதம். தேசிய நெடுஞ்சாலைகளின் செலவை 1947 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மத்திய அரசாங்கம் ஏற்றது. மாகாண நெடுஞ்சாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. சென்னை மாகாணம் 1946இலேயே நெடுஞ்சாலைகளுக்கென்று தனி இலாகாவை ஏற்படுத்திக்கொண்டது. ஜில்லாச் சாலை ஜில்லா போர்டுக்கு. கிராமச் சாலை கிராமத்துக்கு. மொத்த நீளத்தில் மிகச் சிறு பகுதி, மிகப் பெரிய கஜானாவுக்குப் போயிற்று. மிக நீண்ட பகுதி, வீட்டுவரியை நம்பிய பஞ்சாயத்துக்கு வந்தது. இதற்கிடையில் விலைவாசி வேறு. 1939இல் ஒரு ரூபாய்க்குக் கிடைத்த சரக்குக்கு 1948இல் மூன்று ரூபாய்க்கு மேல் கொடுக்கவேண்டியிருந்தது. அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி நாகபுரி மாநாட்டுக்குப் பிறகு நேர்ந்தது. ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடங்கியபோது, போக்குவரத்துக்கென்று ஒதுக்கிய தொகையில் பெரும்பங்கு போரில் தேய்ந்துபோன இரயில்வேயைப் புதுப்பிக்கச் சென்றது. அது தவறென்று சொல்லமாட்டேன். அன்று நாட்டின் நிலக்கரியும் தானியமும் அதன்மேல்தான் ஓடின.

இத்தனைக்கும் நடுவே, 1961ஆம் ஆண்டுக்குள் நாகபுரித் திட்டத்தின் மைல்கணக்கு நிறைவேறிவிட்டது. கெடுவுக்கு இரண்டாண்டு முன்பே! 1952இல் தொடங்கிய சமுதாய நலத்திட்டங்களில் ஊரார் தாமே மண்வெட்டியும் கூடையும் ஏந்திச் சிரமதானமாகப் போட்ட வழிகளும் அதிற் சேர்ந்தன. அவர்களுடைய வியர்வையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆயினும் மண்வெட்டியால் பாலம் கட்டமுடியாது. மைல்கணக்கில் பாலத்துக்கு இடமே இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆற்றின் இக்கரையில் 10 மைல், அக்கரையில் 10 மைல் போட்டுவிட்டால் 20 மைல் சாலை நிறைவேறியதாகப் பதிவாகும். நடுவே ஓடுகிற ஆறு எந்தக் கட்டத்திலும் எழுதப்படாது.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு. பாம்பன் கடற்காலின்மேல் இரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. சாலைப் பாலத்தின் வேலை 1974இல் தொடங்கி, 1988 அக்டோபர் 2ஆம் நாள்தான் அது திறக்கப்பட்டது. இரயில் சென்ற 74 ஆண்டுகளுக்குப் பிறகே இராமேசுவரத்துக்குச் சாலை வழி தொடர்ச்சியாகக் கிடைத்தது. பணம் ஒன்றே காரணம் என்று கூறமாட்டேன். அந்தக் கடலும் காற்றும் எளியவை அல்ல. ஆனால் ஏற்கெனவே இரயில் இருக்கிறதே என்ற எண்ணம் எவ்வளவு நீண்ட ஆயுள் படைத்தது என்பதற்கு இது சான்று.

நாகபுரித் திட்டம் முடியுமுன்பே தலைமை எஞ்சினீயர்கள் அடுத்த 20 ஆண்டுத் திட்டத்தை வகுத்தார்கள். அது பம்பாய்த் திட்டம்: 1961 முதல் 1981 வரை, 6,57,000 மைல், 5,200 கோடி ரூபாய். அதிலும் மண்சாலை 4,05,000 மைல். ஐந்தில் மூன்று பங்கு என்ற பழைய விகிதம் அப்படியே நின்றது. வளர்ந்த பகுதியில் கிராமம் கப்பிச் சாலையிலிருந்து 4 மைலுக்குள்ளும், ஏதேனும் ஒரு சாலையிலிருந்து ஒன்றரை மைலுக்குள்ளும் இருக்கவேண்டும் என்று குறிக்கோள் சற்று நெருங்கி வந்தது. 1,000 மைல் விரைவுச் சாலையும் சேர்த்தார்கள். பிறகு 1962இல் சீனப் போர், 1965இல் பாகிஸ்தான் போர், வறட்சி, 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைப்பு, ஐந்தாண்டுத் திட்டத்துக்கே மூன்றாண்டு விடுமுறை. இத்தனையும் வந்தும் மொத்த நீளம் 1981க்குள் இலக்கை வெகுவாகத் தாண்டியது; விரைவுச் சாலையோ தங்கிவிட்டது. மும்பை–புனே விரைவுச் சாலை முழுதும் திறக்கப்பட்டது 2002இல். மலிவான மைல் எப்போதும் முந்திக்கொள்ளும், விலையுயர்ந்த மைல் பின்தங்கும் என்பதை இரண்டு திட்டங்களும் ஒன்றுபோலக் காட்டுகின்றன. 1981இல் தொடங்கிய மூன்றாவது திட்டமான லட்சுமணபுரித் திட்டத்தின் இலக்கு 27 லட்சம் கிலோமீட்டர். அதன் கதையும் பெரிதும் வேறானதன்று. ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

கணக்கிடும் முறை மாறியது 2000ஆம் ஆண்டில். அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. எத்தனை மைல் போட்டோம் என்ற கேள்வியை ஒதுக்கி, எத்தனை குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்திலும் செல்லத்தக்க சாலை இருக்கிறது என்று அப்போது எண்ணினார்கள். ‘எல்லாப் பருவத்திலும்’ என்ற அந்தச் சொல் வந்ததும் பழைய மண்சாலைகள் கணக்கிலிருந்து உதிர்ந்தன. நாட்டிலுள்ள ஏறத்தாழ 8,25,000 குடியிருப்புகளில் 3,30,000க்கு அத்தகைய சாலை இல்லை என்று தெரிந்தது. நூற்றுக்கு 40! நாகபுரி மாநாடு நடந்து 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு திட்டங்கள் மைல்கணக்கில் வெற்றி பெற்றிருந்தன.

1,000 பேருக்கு மேற்பட்ட குடியிருப்புகளை 2003க்குள்ளும், 500 பேருக்கு மேற்பட்டவற்றை 2007க்குள்ளும் இணைத்துவிடுவதென்று கெடு வைத்தார்கள். இரண்டு கெடுவும் தவறின. ஆனால் இம்முறை தவறியது வெளிப்படையாகத் தெரிந்தது. எந்தக் குடியிருப்பு விடுபட்டது என்று பட்டியலைக் காட்டிக் கேட்க முடிந்தது. பிற்பட்ட ஆண்டுகளில் வேலை தொடர்ந்து நடந்து, அந்தப் பட்டியலின் பெரும்பகுதி தீர்ந்தது.

பணம் எங்கிருந்து வந்தது? ஜெயகர் கமிட்டியின் பழைய வழிதான். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு ஒரு ரூபாய் என்று தொடங்கிய மேல்வரியை 2000ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டம் முறைப்படுத்தியது. டீசலிலிருந்து வந்ததில் பாதியைக் கிராமச் சாலைக்கு ஒதுக்கியது. நான்கு பெருநகரங்களை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலைக்கு மேல்வரியோடு கடனும் கிடைத்தது; சுங்கச் சாவடியில் வசூல் செய்து அடைக்கலாம் என்பதால் கடன் கொடுப்போர் முன்வந்தனர். கிராமச் சாலையில் சாவடி வைக்க முடியாது. அதற்கு நிதி ஒன்றே கதி.

2018இல் அந்த நிதியின் பெயர் மத்தியச் சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி என்று மாறியது; சாலையல்லாத வேறு பணிகளும் அதில் பங்குபெறத் தகுதி அடைந்தன. வரவின் பக்கத்திலும் ஒரு மாறுதல் வந்துகொண்டிருக்கிறது. மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் நம் தெருக்களில் பெருகுகின்றன. அவையும் சாலையைத் தேய்க்கின்றன. ஆனால் பெட்ரோலோ டீசலோ வாங்குவதில்லையாதலால், 1929இல் காலனுக்கு 2 அணா என்று தொடங்கிய அந்த உண்டியலில் அவை எதையும் இடுவதில்லை.